நாற்பது நாள் லாயம்: பாண்டியன் குதிரைகள் பற்றி மார்க்கோ போலோவும் வஸ்ஸாஃபும்

பாண்டியர் வரலாறு பேசுகிற யாரிடமும் குதிரை என்று ஆரம்பித்தால் போதும், இந்த வாக்கியம் வந்துவிடும்: "நம்மாளுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வாங்கிச் சாகவிட்டான், மார்க்கோ போலோவே எழுதியிருக்கார்." இதற்கு எதிர் அணி ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் எழுதினதெல்லாம் பொய், நமக்குத் தெரியாத பரிசாஸ்திரமா என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டு பேருமே போலோ என்ன எழுதினார் என்பதை முழுசாகப் படித்தவர்களாகத் தெரியவில்லை. குதிரை என்ன சாப்பிடும், சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையாவது பார்த்திருக்கலாம்.

நான் போன ரெண்டு மாசமாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கையில் வைத்துக்கொண்டது இரண்டு பேர். ஒருவர் போலோ, இன்னொருவர் பாரசீகத்தில் எழுதிய வஸ்ஸாஃப். யூலின் போலோ மொழிபெயர்ப்பும், எலியட்-டௌசன் தொகுப்பில் வஸ்ஸாஃப் வருகிற மூன்றாம் பாகமும் 1871இல் ஆங்கிலத்தில் வந்தவை. இரண்டிலிருந்தும் நமக்கு வேண்டிய பகுதிகளை நீலகண்ட சாஸ்திரி 1939இல் ஒரே புத்தகமாகத் தொகுத்துக் கொடுத்துவிட்டார். ஆக, ஆதாரம் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் போலோ. அவர் மாபார் என்று சொல்வது நம் பாண்டியநாட்டுக் கடற்கரை. 1290களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இங்கே வந்தவர். குதிரைகள் ஹோர்முஸ், கீஷ், தோஃபார், ஷிஹ்ர், ஏடன் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகின்றன என்கிறார். ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கு மேல். அரசன் வருஷத்துக்கு 2000க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்கள் நாலு பேரும் அதேபோல வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை. காரணமாக அவர் சொல்வது பல. குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆளை வணிகர்கள் வேண்டுமென்றே இங்கே வரவிடுவதில்லை, ஏனென்றால் குதிரை செத்தால்தான் அடுத்த வருஷ வியாபாரம். இந்த மண்ணின் சூடும் ஒத்துக்கொள்ளவில்லை. தீனியோ வேகவைத்த அரிசியும் இறைச்சியும். கடைசியாக ஒன்று சொல்கிறார், அதைத்தான் யாரும் எடுத்துப் பேசுவதில்லை: உயர்ந்த சாதிப் பெண்குதிரையை உயர்ந்த ஆண்குதிரையோடு சேர்த்தாலும் இங்கே பிறக்கிற குட்டி கால் கோணி, ஏறிச் சவாரி செய்ய உதவாததாகிவிடுகிறது.

வஸ்ஸாஃப் வேறு மாதிரி ஆள். ஷிராஸ்காரர், மங்கோலிய இல்கான் ஆட்சியில் வரி அதிகாரி, அலங்கார நடைக்குப் பேர் போனவர். 1300ஐ ஒட்டி எழுதுகிறார். கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீனுக்கும் பாண்டியனுக்கும் ஒப்பந்தம்: வருஷத்துக்கு 1400 குதிரை, தலைக்கு 220 செம்பொன் தினார், வழியில் செத்தாலும் விலை உண்டு. பிறகு தீனிக்கு வருகிறார். பச்சை வாற்கோதுமை கொடுக்க வேண்டிய இடத்தில் வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் கொடுக்கிறார்களாம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டிவைத்துக் கொழுக்கவைக்கிறார்கள். அப்புறம் எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் ஏறிப் பேய் மாதிரி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் குதிரை சோம்பி, மந்தித்து, ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

இங்கே ஒரு சின்ன திருத்தம். "பாண்டியன் வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை வாங்கினான்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். வஸ்ஸாஃப் அப்படிச் சொல்லவில்லை. அத்தாபேக் அபூபக்கர் காலத்தில் (அவர் செத்தது 1260இல்) மாபார், காம்பே, சுற்றுவட்டாரத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் 10,000 என்கிறார். அதுவும் கேள்விப்பட்டதாக. குஜராத்துக்குப் போன குதிரையை மதுரைக் கணக்கில் எழுதிவிட்டோம்.

இன்னொன்று. போலோவின் குதிரை சாகிறது. வஸ்ஸாஃபின் குதிரை உதவாமல் போகிறது. ரெண்டும் ஒன்றில்லை. 2000இல் 100 மிச்சம் என்றால் 95 சதவீத இழப்பு. ஒரு சர்வர் அறையில் வருஷத்துக்கு 95 சதவீத டிஸ்க் போகிறது என்று ரிப்போர்ட் வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்கை இல்லை, எண்ணினவரை. எங்கள் திருவானைக்காவலிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சமயபுரம், பக்கத்திலேயே கண்ணனூர். போசளர்கள் தமிழ்நாட்டில் தலைநகரமாக வைத்திருந்த ஊர். சடையவர்மன் சுந்தரபாண்டியன் சோமேசுவரனை முறியடித்து அதைப் பிடித்தது போலோ வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால்தான். நூற்றில் ஐந்து குதிரை மட்டும் மிஞ்சுகிற படையோடு மதுரையிலிருந்து காவிரி தாண்டி வந்து இதைச் செய்திருக்க முடியாது. செத்தவை, நொண்டியவை, படையிலிருந்து கழிக்கப்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்து வணிகர்கள் "போச்சு" என்று சொன்னதைத்தான் போலோ "செத்தது" என்று எழுதினார் என்று நான் நினைக்கிறேன். வஸ்ஸாஃபின் சொல்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, நொண்டினது ஏன்? தீனியைப் பார்ப்போம்.

இறைச்சி என்றதும் நமக்கே சிரிப்பு வரும். ஆனால் இது பாண்டியன் கண்டுபிடித்த கூத்து இல்லை. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்கென்று ஒரு அத்தியாயம் உண்டு. உயர்ந்த குதிரையின் அன்றாடப் படியாக அங்கே அரிசி அல்லது வாற்கோதுமை (பாதி வெந்தது), உப்பு, எண்ணெய், தயிர் இவற்றோடு 50 பலம் இறைச்சியும் வருகிறது. இன்றைய கணக்கில் சுமார் 2 கிலோ. ஆக மாபாரில் போலோ பார்த்தது அறியாமை இல்லை, புத்தகப்படி நடந்த ஒரு காரியம். அதைவிட வேடிக்கை, அதே போலோ ஷிஹ்ர் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது அங்கே மாடு, ஒட்டகம், குதிரை எல்லாம் சின்ன மீனைத் தின்று வாழ்கின்றன என்கிறார். கண்டிக்கவில்லை, வியக்கிறார். அந்த ஷிஹ்ரிலிருந்துதான் மாபாருக்குக் குதிரை வருகிறது. அரபுக் கரையில் மீன் தின்ற குதிரை மதுரையில் கறி தின்றால் மட்டும் தப்பா?

வஸ்ஸாஃபின் ஏளனமும் இப்படித்தான். வாற்கோதுமை காவிரிக் கரையிலோ வைகைக் கரையிலோ விளைகிற பயிரே இல்லை. குதிரைத் தீனி என்றால் வாற்கோதுமை என்று பழகிப்போன ஷிராஸ்காரர் எழுதுகிறார். இந்த விஷயத்தில் அரிசி என்று சொன்ன போலோவை நம்பலாம். வறுப்பது பைத்தியக்காரத்தனமும் இல்லை. தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். செரிக்காமல் பின்குடலுக்குப் போனால் அங்கே புளித்து, அமிலம் கட்டி, வயிற்றுவலியிலும் குளம்பு அழற்சியிலும் கொண்டுபோய் விடும். வாற்கோதுமையையும் சோளத்தையும் சூட்டில் பதப்படுத்தினால் சிறுகுடலில் செரிப்பது கூடும், இன்றைய தீவன ஆலைகள் ஆவியில் வேகவைத்து அவலாகத் தட்டுவது அதற்குத்தான். நெய்யும் அப்படியே. மாவுச்சத்தைக் கூட்டாமல் சக்தி கொடுக்க இன்று குதிரைத் தீவனத்தில் எண்ணெய் சேர்க்கிறார்கள். காய்ச்சிய பால் வேண்டுமானால் வீண், வளர்ந்த குதிரைக்குப் பால் சர்க்கரை செரிக்காது, கழிச்சல்தான் வரும்.

ஆக நம்மாட்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எதிர் அணி கை தட்டலாம். கொஞ்சம் பொறுங்க. குட்டிகளின் கோணக்கால் இருக்கிறதே.

குதிரையின் தீனியில் சுண்ணாம்புச்சத்து குறைந்தபட்சம் பாஸ்பரஸ் அளவாவது இருக்க வேண்டும். வளரும் குட்டிக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. அரிசியில் இது தலைகீழ்: சுண்ணாம்பு ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் பத்துப் பங்குக்குப் பக்கம். இறைச்சியில் இன்னும் மோசம். அரிசித் தவிட்டில் பதினைந்து பங்குக்கும் மேல். இப்படிப்பட்ட தீனியையே தின்றுகொண்டிருந்தால் ரத்தத்தில் சுண்ணாம்பைச் சமன்செய்ய பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவ ஆரம்பிக்கிறது. முதலில் இந்தக் கால் நொண்டும், நாலு நாள் கழித்து அந்தக் கால். பிறகு முகத்தெலும்பு வீங்கும். ஐரோப்பாவில் மாவு மில்காரர்கள் தவிட்டையே போட்டு வளர்த்த குதிரைகளுக்கு இது வந்ததால் இதற்குத் தவிட்டு நோய், மில்காரன் நோய் என்றெல்லாம் பெயர். வளரும் குட்டியில் எலும்பே மெலிந்து வளைந்துபோகும். சோறும் கறியும் என்று போலோ தீனியைச் சொல்கிறார், கோணக்கால் என்று விளைவைச் சொல்கிறார், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. தான் புரிந்துகொள்ளாத ஒன்றை இவ்வளவு பொருத்தமாக ஒருவர் எழுதியிருப்பதாலேயே எனக்கு அந்தப் பகுதியில் போலோ மேல் நம்பிக்கை கூடுகிறது. கட்டுக்கதைக்காரனுக்கு இந்தப் பொருத்தம் வராது.

இதை வெறும் ஏட்டுச் சண்டையாக நான் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பெரியவர் குதிரை வைத்திருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கு விடுவார். அவரிடம் ஒன்றரை வயசுக் குட்டி ஒன்று பின்னங்காலில் அடிபட்டு, கால்நடை மருத்துவர் கட்டுப்போட்டு, ஆறு வாரம் லாயத்தை விட்டு வெளியே விடாதீங்க என்று சொல்லிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது தொட்டி நிறையத் தவிடும் ஊறவைத்த கொள்ளும். "புள்ள மெலிஞ்சுட்டான் தம்பி, தெம்பு ஏத்தணும்ல" என்றார். அன்பில்தான் அள்ளிப் போட்டிருக்கிறார். வஸ்ஸாஃபின் நாற்பது நாள் எனக்கு அங்கேதான் புரிந்தது.

யோசித்துப் பாருங்க. வாரக்கணக்கில் கப்பலின் குறுகிய இடத்தில் நின்றே வந்த குதிரை. காலும் குடலும் நொந்துபோய் இறங்குகிறது. அதை நாற்பது நாள் கட்டிப்போட்டு ஓய்வு கொடுப்பதில் தவறே இல்லை. அடிபட்ட குதிரைக்கு இன்றும் அதுதான் வைத்தியம். தவறு, உழைக்கிற குதிரையின் தீனியை நிற்கிற குதிரைக்குப் போட்டது. லாயத்தில் அடைபட்ட குதிரைக்குக் குடல் அசைவே குறைகிறது. நடமாட்டம் இல்லாத இளங்குதிரையின் கால் எலும்பு சில வாரத்திலேயே தாது இழக்கத் தொடங்குகிறது. அதன்மேல் சோறும் கறியும். உடம்பு பார்க்கக் கொழுகொழுவென்று ஏறும், உள்ளே எலும்பு இறங்கும். நாற்பத்தோராம் நாள் ஒரு வீரன் ஏறிப் பாய்ச்சலில் விடுகிறான்.

ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்குத் திங்கட்கிழமை நோய் என்று ஒன்று இருந்தது. ஞாயிறு லீவு, ஆனால் தானியம் முழுப்படி. திங்கள் காலை வண்டியில் பூட்டினால் கொஞ்ச தூரத்திலேயே தொடைத் தசை கல்லாக இறுகி, மூத்திரம் காப்பி நிறத்தில் போய், குதிரை அப்படியே நின்றுவிடும். ஒரே ஒரு நாள் ஓய்வுக்கு இந்தக் கதி. மாபாரில் நாற்பது ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்திருக்கிறது. சோம்பி, மந்தித்து, உதவாமல் போனது என்று வஸ்ஸாஃப் எழுதியது தசையும் எலும்பும் கெட்ட குதிரையின் துல்லியமான வருணனை. அவர் பழியை நாட்டின் மேலும் இனச்சேர்க்கை மேலும் போட்டுவிட்டு, இதெல்லாம் மேற்கும் கிழக்கும் ஒன்றையொன்று நம்பி வாழ ஆண்டவன் செய்த ஏற்பாடு என்று முடித்துவிடுகிறார். கீஷ் வணிகர்களுக்கு எவ்வளவு சௌகரியமான இறையியல்!

வணிகர்கள் விஷயத்தில் போலோ சொன்ன சதி எனக்கு முழுசாக ஏறவில்லை. "குதிரை மருத்துவனை வரவிடவில்லை" என்பதை ஆங்கிலத்தில் லாடக்காரன் என்று மொழிபெயர்த்ததால் நாம் லாடம் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டோம். பழைய பிரெஞ்சில் அந்த ஆள் லாடமும் அடிப்பான், வைத்தியமும் பார்ப்பான். இங்கே குதிரை வைத்தியமே கிடையாது என்பது நிச்சயம் தவறு. அர்த்தசாஸ்திரத்தில் சிகிச்சைக் குறையால் குதிரையின் நோய் முற்றினால் வைத்தியருக்குச் செலவில் இரண்டு மடங்கு அபராதம் என்றிருக்கிறது, அசுவசாஸ்திரச் சுவடி தஞ்சை சரசுவதி மகாலில் படத்தோடு இருக்கிறது. சதி தேவையே இல்லை என்பதுதான் என் வாதம். செத்தாலும் காசு என்று ஒப்பந்தம் போட்ட பிறகு, விற்பவனுக்குக் குதிரை பிழைப்பதில் என்ன அக்கறை? அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதிலும் வஸ்ஸாஃப் தடுமாறுகிறார். ஒரு வரியில் அரசன் கருவூலம், இன்னொரு வரியில் கோயில் நிலங்களின் வருமானமும் தேவரடியார் மேல் போட்ட வரியும், கருவூலத்துக்குச் செலவே இல்லை என்று. கோயில் வருமானம் குதிரைக்குப் போனதாகச் சொல்லும் இடத்தில் எனக்கு மாணிக்கவாசகர் கதை ஞாபகம் வரும். அங்கே நேர்மாறு: குதிரைக்குக் கொடுத்த அரசன் பணம் கோயிலுக்குப் போனது. ராத்திரியோடு ராத்திரியாக லாயம் நிறைந்த குதிரைகள் நரியாகி ஓடிப்போவதை இவ்வளவு ரசித்துச் சொன்ன ஊர், விலைகொடுத்து வாங்கிய குதிரை காணாமல் போவதை நன்றாகவே அறிந்திருக்கிறது.

தீனி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஈ பரப்புகிற சர்ரா நோய் இருக்கிறது. அதன் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் 1880இல் இந்தியாவில்தான் கண்டுபிடித்தார். மாட்டின் வயிற்றுப்புழு கொசு வழியாகக் குதிரையின் தண்டுவடத்துக்குப் போய்ப் பின்னங்காலை முடக்குகிற குமரி நோய் இருக்கிறது. மாடும் கொசுவும் நிறைந்த டெல்டாவில் அரபுக் குதிரைக்கு வேறு எதிரியே வேண்டாம். சூடும் ஒத்துக்கொள்ளவில்லை என்று போலோ சொன்னதற்குள் இவையும் இருக்கலாம்.

ஆனால் இரண்டு பேரின் தீனிப் பட்டியலிலும் ஒரு சொல் இல்லை. புல். கண்ணுக்குப் பழகிப்போனதால் விட்டிருக்கலாம், சோறும் நெய்யும்தான் எழுதத் தகுந்த விசித்திரமாகப் பட்டிருக்கலாம். அர்த்தசாஸ்திரம் விடவில்லை. நீண்ட வழியிலும் சுமையிலும் களைத்த குதிரைக்கு என்ன என்று தனியாகவே சொல்கிறது: ஒரு படி நெய் அல்லது எண்ணெய், அரைப் பாரம் பசுந்தீவனம், அதைப்போல இரண்டு மடங்கு புல். அந்த இடத்தில் இறைச்சியோ அரிசியோ கூட்டச் சொல்லவில்லை. கப்பலில் வந்த குதிரைக்குப் பொருந்துகிற வரி இதுதான். பாண்டியன் லாயத்தில் உயர்ந்த குதிரையின் படியைப் பின்பற்றினார்கள், களைத்த குதிரையின் படியை விட்டுவிட்டார்கள் என்று படிக்கத் தோன்றுகிறது.

பெரியவரின் குட்டிக்கு வருவோம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்த மாற்றம் பெரிசாக ஒன்றுமில்லை. தவிடு நின்றது. கொள்ளு இரண்டு கை அளவுக்குக் குறைந்தது. கொள்ளில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சமம், எலும்பு கூடப் புரதமும் வேண்டும், அதனால் அதை முழுசாக நிறுத்தவில்லை. குட்டியின் எடை 250 கிலோ இருக்கும். எடையில் 2 சதவீதம் என்றால் காய்ந்த கணக்கில் நாளைக்கு 5 கிலோ புல், பச்சையாக 20 கிலோவுக்கு மேல். அதை ஐந்தாறு தடவையாகப் பிரித்துப் போட வேண்டும், ஏனென்றால் குதிரையின் வயிறு சும்மா இருந்தாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், ராத்திரி பூராவும் வெறும் தொட்டியைப் பார்த்து நின்றால் புண் வரும். மாட்டுக்காரர்கள் வளர்க்கிற கம்பு நேப்பியர் கிடைக்கிறது, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் வயிறு சமாளிக்கும், குதிரையுடையது சமாளிக்காது. அதனால் அருகம்புல், கூடவே கொஞ்சம் குதிரை மசால். பெயரிலேயே குதிரை இருந்தும் நம் ஊரில் ஆட்டுக்கும் முயலுக்கும் போய்க்கொண்டிருக்கிற பயிர், பாஸ்பரஸைவிட ஐந்து மடங்கு சுண்ணாம்பு உள்ளது. தாது உப்புக் கலவை மருத்துவர் சொன்ன அளவு. தொட்டியில் எப்போதும் தண்ணீர்.

"இதெல்லாம் மாட்டுத் தீனி மாதிரி இருக்கே" என்று அவருக்குக் கொஞ்சம் குறைதான். மசாலுக்கு மட்டும் குட்டி லாயத்துக்குள்ளிருந்தே கனைக்கிறது. இப்போது ஐந்தாவது வாரம். கட்டு அவிழ்ந்ததும் முதல் வாரம் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷ நடை, அடுத்த வாரம் பதினைந்து நிமிஷம், ஓட்டம் என்ற பேச்சே இரண்டு மாசத்துக்குக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை லாயத்து மரத்தூணில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார் பெரியவர்.